நேபாளத்தின் டாங் மாவட்டத்தில் எட்டு வாரக் களப்பயிற்சி: போகலாமா?

வைகைக்கரை
18 பிப்ரவரி 2024, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் சமூகப்பணி முதுகலை முதலாண்டு படிக்கிறேன். மே மாத நடுவில் தொடங்கி எட்டு வாரம் களப்பயிற்சி செய்ய வேண்டும். எங்கள் துறையில் பெரும்பாலும் உள்ளூர்த் தொண்டு நிறுவனங்களுக்குத்தான் அனுப்புவார்கள். வெளிநாடு போக விரும்பினால் நாமே இடம் பிடித்து ஒப்புதல் கடிதம் வாங்கித் தர வேண்டும்.

மூன்று இடங்களுக்கு எழுதினேன். ஒன்று, பெரிதாக விளம்பரம் செய்யும் ஒரு முகவர் நிறுவனம். இரண்டு வாரத்துக்கே என் ஓராண்டுக் கல்லூரிக் கட்டணத்தைவிட அதிகம் கேட்டார்கள். இன்னொன்றிலிருந்து பதில் இல்லை. மூன்றாவது, நேபாளத்தின் மேற்கே டாங் மாவட்டத்தில் தாரு இனப் பெண்கள் நடத்தும் சிறிய சேமிப்புக் கூட்டுறவு. உறுப்பினர்களில் பலர் சிறுவயதில் கம்லரியாக, அதாவது ஆண்டு ஒப்பந்தத்தில் பிறர் வீட்டு வேலைக்கு விடப்பட்டுப் பிறகு மீண்டவர்கள். நான்கே வரியில் பதில் வந்தது. வரலாம், ஓர் உறுப்பினர் வீட்டில் தங்கலாம், சாப்பாட்டுச் செலவை அந்த வீட்டாரிடம் கொடுத்துவிட வேண்டும், வேறு கட்டணம் கிடையாது.

அம்மாவிடம் சொன்னபோது, "நம் ஊரில் இல்லாத கஷ்டத்தையா அங்கே போய்ப் பார்க்கப் போகிறாய்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் போக வேண்டும் என்ற எண்ணம் விடவில்லை. அங்கே உள்ள பெண்களுக்குக் கணினிப் பயிற்சி, பள்ளி மாணவிகளுக்குத் தன்னம்பிக்கைப் பயிலரங்கு, ஐந்து பெண்களின் வாழ்க்கைக் கதைகளைத் தொகுத்தல் என்று ஒரு திட்டம் எழுதி வைத்திருக்கிறேன். இந்தி கொஞ்சம் வரும். நேபாளி தெரியாது. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.


கோன்வைண்டிங்
18 பிப்ரவரி 2024, இரவு 10.55

உங்கள் அம்மா கேட்டதைத்தான் நானும் கேட்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நான் 16 வயதில் அவிநாசிப் பக்கம் ஒரு நூற்பாலையில் சேர்ந்தவள். மூன்று ஆண்டு ஒப்பந்தம். முடிவில் மொத்தமாக ஒரு தொகை தருவோம், கல்யாணத்துக்கு உதவும் என்றார்கள். சுமங்கலித் திட்டம் என்று ஊரே அதற்கு மங்கலப் பெயர் வைத்திருந்தது. விடுதி மில்லுக்குள்ளேயே. வெளியே போக முடியாது. இரண்டு ஆண்டு எட்டு மாதத்தில் உடம்பு முடியாமல் வந்துவிட்டேன். மொத்தத் தொகை கிடைக்கவில்லை. என்னோடு இருந்த பெண்கள் தேனி, திண்டுக்கல், விருதுநகர், புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். உங்கள் மதுரையிலிருந்தும்தான்.

ஆண்டு ஒப்பந்தத்தில் பெண்பிள்ளையை வேலைக்கு விடுவதைப் பார்க்க இரண்டு நாள் ரயிலில் போக வேண்டுமா? ஒரு டவுன் பஸ் போதும். எங்களிடம் வந்து உட்கார்ந்து பேசிய கல்லூரிப் பெண்கள் மிகக் குறைவு. அந்த வருத்தத்தில் எழுதுகிறேன்.


சிறுமலை
19 பிப்ரவரி 2024, காலை 7.15

கோன்வைண்டிங், உங்கள் வருத்தம் நியாயமானது. அதற்கு என்னிடமும் முழுப் பதில் கிடையாது. வைகைக்கரை கேட்டதற்கு மட்டும் சொல்கிறேன். நான் 2016இல் ஏழு மாதம் டாங்கில் இருந்தேன். கோராஹி நகரிலிருந்து சைக்கிளில் போகக்கூடிய தூரத்தில் ஒரு தாரு கிராமம்.

போகும் முன் கம்லரி முறை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் பெற்றோர்மீது கோபம் வரும். எனக்கு முதல் மாதம் வந்தது. நேபாளத்தின் தெற்குச் சமவெளியான தராயில் முன்பு மலேரியா கடுமையாக இருந்தது. மலைவாசிகள் இறங்கி வரப் பயந்தார்கள். தாருக்கள்தான் அந்தக் காட்டைத் திருத்திப் பயிர் செய்தவர்கள். 1950களிலும் 60களிலும் டி.டி.டி. மருந்து தெளித்து மலேரியாவைக் கட்டுப்படுத்தியதும் மலையிலிருந்து மக்கள் வந்து குடியேறினார்கள். பத்திரம், பட்டா, அலுவலகம் என்று பழக்கம் இல்லாத தாருக்கள் நிலத்தை இழந்தார்கள். தங்கள் வயலிலேயே கமையா என்னும் கொத்தடிமைகள் ஆனார்கள். டாங், பாங்கே, பர்தியா, கைலாலி, கஞ்சன்பூர் ஆகிய ஐந்து மாவட்டங்களில் இது வேரூன்றியது. அப்பனுக்கு நிலம் குத்தகைக்கு வேண்டும் என்றால் மகளை நிலக்காரர் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். சில குழந்தைகள் ஆறு, ஏழு வயதிலேயே போனார்கள். ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய். பலருக்கு அதுவும் இல்லை, வெறும் சோறும் பழைய துணியும்தான்.

இந்த ஒப்பந்தம் எந்த நாளில் பேசப்பட்டது தெரியுமா? மாகி அன்று. தாருக்களின் புத்தாண்டு. அது மாக் மாதம் முதல் தேதி. நமக்குத் தை முதல் நாள். நாம் பொங்கல் பானை வைக்கும் அதே நாளில் அங்கே பெண்குழந்தையின் அடுத்த ஓராண்டு பேசி முடிக்கப்பட்டது. நான் அதைக் கேட்ட இரவு தூங்கவில்லை.

கமையா முறையை அரசு 2000 ஜூலையில் ஒழித்தது. ஆனால் கம்லரி தொடர்ந்தது. அதே காலத்தில் ஒரு தொண்டு நிறுவனம் மிக எளிமையான வழி ஒன்றைக் கண்டுபிடித்தது. மகளை வேலைக்கு அனுப்பாமல் பள்ளிக்கு அனுப்பினால் குடும்பத்துக்கு ஒரு பன்றிக்குட்டியோ ஆட்டுக்குட்டியோ தரப்படும். ஆண்டு முடிவில் அதை விற்றால் மகள் வேலைக்குப் போயிருந்தால் வரக்கூடிய பணம் வந்துவிடும். மீண்டு வந்த பெண்கள் மாகி நாளில் ஊர் ஊராகத் தெருநாடகம் போட்டார்கள், பஸ் நிலையங்களில் நின்று சிறுமிகளை ஏற்றிப்போகும் தரகர்களைத் தடுத்தார்கள். 2013 மார்ச்சில் காட்மாண்டு பள்ளத்தாக்கில் ஒரு கம்லரிச் சிறுமி தீக்காயங்களால் இறந்தபோது அவர்களே வீதிக்கு வந்தார்கள், போலீஸ் அடியும் வாங்கினார்கள். அந்த ஆண்டு ஜூலை 18 அன்றுதான் அரசு கம்லரி முறை ஒழிக்கப்பட்டதாக அறிவித்தது.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. நீங்கள் தன்னம்பிக்கைப் பயிலரங்கு நடத்தப்போவது அரசாங்கத்தையே அசைத்துக் காட்டிய பெண்களின் ஊரில். அந்தத் திட்டத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். கணினிப் பயிற்சியையும், அங்கே மின்சாரம் எப்போது இருக்கும், கணினி எத்தனை, யாருக்கு எந்த நேரம் ஓய்வு என்று பார்த்த பிறகு யோசியுங்கள்.


பயணச்சீட்டு
19 பிப்ரவரி 2024, மாலை 6.20

நடைமுறை விவரங்கள் மட்டும்.

இந்தியர்களுக்கு நேபாளம் போக விசா வேண்டாம். பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை அவசியம். பிற நாட்டினர் சுற்றுலா விசாவில் போய்த் தொண்டுப்பணி செய்வதற்கு அங்கே சட்டத்தில் அனுமதி இல்லை. மலேசிய, சிங்கப்பூர் நண்பர்கள் கவனிக்கவும்.

ஈரோடு, சேலம் வழியாகக் கோரக்பூர் போகும் ராப்திசாகர் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. கோரக்பூரிலிருந்து சோனௌலி எல்லைக்கு பஸ்ஸில் ஏறத்தாழ மூன்று மணி நேரம். எல்லை தாண்டினால் பைரஹவா, பிறகு புட்வல். அங்கிருந்து கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் லமஹி வரை போய் கோராஹிக்கு மாற வேண்டும்.

நூறு ரூபாய் இந்தியத் தாள்களாகக் கொண்டுபோங்கள், அதற்கு மேல் மதிப்புள்ளவை அங்கே செல்லுமா என்று போகும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். நம் 100 ரூபாய் அவர்களுக்கு 160. அவர்கள் கடிகாரம் நம்மைவிட 15 நிமிடம் முந்தி ஓடும். வார விடுமுறை சனிக்கிழமை. கொசுவலை கட்டாயம். கொசுவுக்காக மட்டுமல்ல. மழைக்காலத்தில் கட்டுவிரியன் இரவில் வீட்டுக்குள் வந்து தூங்குபவர்களைக் கடிப்பது தராயில் உண்டு. தரையில் படுக்காதீர்கள், வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிவிடுங்கள்.

அந்தக் கூட்டுறவின் பதிவுச் சான்றையும் கடைசித் தணிக்கை அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். கேட்பதில் தவறில்லை. நல்ல அமைப்பு எதுவும் இதற்குக் கோபப்படாது.


வைகைக்கரை
19 பிப்ரவரி 2024, இரவு 8.05

கோன்வைண்டிங் அக்கா, உங்கள் பதிவை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இருவரும் சிறிது நேரம் பேசாமல் இருந்தோம். என்ன சொல்வது என்று இப்போதும் தெரியவில்லை. ஊர் திரும்பியதும் உங்களைப் பார்க்க வரலாமா?

சிறுமலை அக்கா, பயிலரங்கை எடுத்துவிட்டேன். ஆனால் வாழ்க்கைக் கதைகளை என்ன செய்வது? கல்லூரியில் குறைந்தது ஐந்து தனியாள் ஆய்வுகள், படங்களுடன் கேட்கிறார்கள்.


வாவிக்கரை
20 பிப்ரவரி 2024, அதிகாலை 5.30

மகள், நான் மட்டக்களப்பில் இருந்து எழுதுகிறேன். ஒரு பெண்கள் அமைப்பில் 17 வருடம் வேலை செய்து இப்போது ஓய்வில் இருக்கிறேன். நீர் போகப்போகும் பக்கத்தில் இருந்து அல்ல, உம்மைப் போன்ற பிள்ளைகள் வந்து இறங்கும் பக்கத்தில் இருந்து சொல்கிறேன்.

2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு எங்களிடம் வெளிநாட்டுப் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். 2009இல் யுத்தம் முடிந்த பிறகு இன்னும் கூட. நான் இருந்த காலத்தில் மட்டும் நாற்பது பேருக்கு மேல் வந்து போயிருப்பார்கள். ஒருவரும் கெட்ட பிள்ளைகள் இல்லை. எல்லோரும் கண்ணீருடன்தான் விடைபெற்றார்கள்.

எங்கள் சங்கத்தில் ஓர் அம்மா இருந்தார். கணவர் காணாமல் போனவர். மூத்த மகனும் இல்லை. நன்றாகப் பேசுவார், அதனால் வருகிறவர்களை எல்லாம் நாங்கள் அவரிடம் கூட்டிப்போனோம். அது எங்கள் பிழை. ஒவ்வொருவரும் முதலில் இருந்து கேட்டார்கள். எப்போது, எங்கே, கடைசியாக என்ன உடுப்பு போட்டிருந்தார், அப்போது நீங்கள் என்ன நினைத்தீர்கள். அவர் ஒவ்வொரு முறையும் சொன்னார். தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டே சொன்னார். ஒரு நாள் புதிதாக ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு படலையைத் திறந்தேன். அந்த அம்மா என்னை மட்டும் தனியே கூப்பிட்டு, "இந்தப் பிள்ளைக்கும் முதலில் இருந்து சொல்ல வேண்டுமா?" என்று கேட்டார். முறைப்பாடாகக் கேட்கவில்லை. இன்றைக்கு எவ்வளவு நேரம் ஆகும், அடுப்பில் உலை வைக்கலாமா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. அன்றோடு அந்த வழக்கத்தை நிறுத்தினேன். ஆனால் அதற்குள் அவர் எத்தனை தரம் மகனைத் திரும்பத் திரும்ப இழந்திருப்பார் என்று இன்றும் நினைக்கிறேன்.

வந்தவர்களில் ஒரு பிள்ளையை மட்டும் எங்கள் அலுவலகத்தில் இன்றும் பெயர் சொல்லிப் பேசுவார்கள். கனடாவில் பிறந்த தமிழ்ப் பிள்ளை. தமிழ் வாசிப்பாள், எழுத்துத் தடுமாறும். வந்த மூன்றாம் நாள் எங்கள் இரும்பு அலுமாரியைத் திறந்து பார்த்தாள். உள்ளே நூற்றுக்கணக்கான பெண்களின் கடதாசிகள். மரணச் சான்றிதழ்ப் பிரதி, காணி அனுமதிப்பத்திரம், பிறப்புச் சான்றிதழ், பிரதேச செயலகத்துக்கு எழுதிய கடிதங்கள். ஒன்றைத் தேட அரை நாள் போகும். அந்தப் பிள்ளை ஆறு வாரம் அந்த அறையைவிட்டு வரவில்லை. கிராம சேவையாளர் பிரிவுப்படி அடுக்கி, ஒவ்வொரு கோவைக்கும் இலக்கம் போட்டு, ஒரு தடித்த கொப்பியில் தமிழில் அகரவரிசைப் பட்டியல் எழுதி வைத்தாள். எழுத்துப்பிழை நிறைய. அந்தக் கொப்பி இப்போதும் பாவனையில் இருக்கிறது. அவள் யாரிடமும் கதை கேட்கவில்லை. ஆனால் கடதாசி தேடி வந்த பெண்கள் அவள் பக்கத்தில் இருந்து தாங்களாகவே நிறையச் சொன்னார்கள்.

போய் வாரும் மகள். போகவேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். போனதும் அவர்களுடைய அலுமாரி எது என்று பாரும்.


களப்பணி ஆசிரியர்
20 பிப்ரவரி 2024, பகல் 1.10

வேறொரு கல்லூரியில் பல ஆண்டுகளாகக் களப்பணிக்குப் பொறுப்பாக இருக்கிறேன். வாவிக்கரை அம்மா எழுதியதைப் படித்தபின் என் அலமாரியில் இருக்கும் பழைய அறிக்கைகளை எடுத்துப் புரட்டினேன். பாதிக்கு மேல் பெண்களின் முகங்கள், வீடுகள், குழந்தைகள். அவர்களில் யாரிடம் கையொப்பம் வாங்கினோம் என்று எதிலும் இல்லை. நான்தான் அவற்றுக்கு மதிப்பெண் போட்டிருக்கிறேன்.

வைகைக்கரைக்கு ஒரு வழி சொல்கிறேன். சமூகப்பணியில் தனியாள் பணி ஒன்றுதான் முறை என்பதில்லை. குழுப்பணி, சமுதாய அமைப்பாக்கம், நிறுவன நிர்வாகம் ஆகியவையும் பாடத்தில் உள்ளவைதான். கூட்டுறவின் கூட்டங்களையும் முடிவெடுக்கும் முறையையும் கவனித்துக் குழுப்பணி அறிக்கையாக எழுதித் தர அனுமதி கேளுங்கள். போவதற்கு முன் எழுத்தில் கேளுங்கள். திரும்பி வந்த பிறகு கேட்டால் எந்தத் துறைத்தலைவரும் சம்மதிப்பது கடினம்.


கோன்வைண்டிங்
20 பிப்ரவரி 2024, இரவு 11.20

மட்டக்களப்பு அம்மாவுக்கு வணக்கம். உங்கள் பதிவை ஷிப்ட் முடிந்து வந்து மூன்று முறை படித்தேன்.

எங்கள் விடுதிக்கும் ஒரு முறை ஒரு குழு வந்தது. மேலாளர் பக்கத்திலேயே நின்றார். "சந்தோஷமாக இருக்கிறீர்களா?" என்று கேட்டார்கள். இருக்கிறோம் என்றோம். படம் எடுத்துக்கொண்டு போனார்கள். கதை கேட்பது தவறு என்று நான் சொல்லமாட்டேன். கேட்காமலே போனதும் எங்களுக்கு வலித்தது. யார் பக்கத்தில் நிற்கும்போது கேட்கிறார்கள், கேட்டபிறகு திரும்பி வருகிறார்களா என்பதுதான் எனக்கு முக்கியம்.

வைகைக்கரை, வாருங்கள். வரும்போது நோட்டுப் புத்தகம் கொண்டுவரலாம். நான் சொல்வேன்.


சிறுமலை
21 பிப்ரவரி 2024, காலை 6.50

அம்மா சொன்ன அலுமாரியைப் பற்றி நேற்று முழுக்க யோசித்தேன். டாங்கில் அந்த அலுமாரி எதுவாக இருக்கும் என்று ஓரளவு சொல்ல முடியும்.

ஒன்று, தேதி. நேபாளத்தில் அரசு ஆவணம், பள்ளிப் பதிவேடு, வங்கிப் புத்தகம் எல்லாமே விக்ரம் சம்வத் என்னும் அந்நாட்டு ஆண்டுக்கணக்கில் இருக்கும். இப்போது அங்கே 2080 நடக்கிறது. எனக்கு முன்னால் அங்கே இருந்த ஒரு வெளிநாட்டுப் பெண் மிக அழகான கணினிப் பட்டியல் ஒன்று செய்துவைத்துவிட்டுப் போயிருந்தார். உறுப்பினர்களின் பிறந்த தேதி, சேர்ந்த தேதி, கடன் தவணை எல்லாம் ஆங்கில ஆண்டில். அவர் போன மறுநாளிலிருந்து யாரும் அதைத் திறக்கவில்லை. எழுத்தராக இருந்த பெண்ணால் ஒவ்வொரு தேதியையும் மாற்றிப் பார்க்க முடியுமா? அங்கே திருமண வயது ஆணுக்கும் பெண்ணுக்கும் 20. ஒரு பெண்ணுக்கு வயது வந்துவிட்டதா என்ற கேள்வியில் சில மாதங்கள் முன்பின் ஆனால்கூட அது ஒரு கல்யாணத்தைத் தடுப்பதா விடுவதா என்பதாகிவிடும்.

இதில் தமிழ்ப் பெண்ணுக்கு ஒரு வசதி உண்டு. அவர்கள் மாதமும் நம்முடையதைப் போலச் சூரிய மாதம். பைசாக் என்றால் சித்திரை. அவர்கள் புத்தாண்டும் நம் புத்தாண்டும் ஒரு நாள் முன்பின்னாக வரும். ஜேட் வைகாசி, அசார் ஆனி, சாவுன் ஆடி, இப்படியே போய் மாக் நம் தை. தினசரி நாட்காட்டி ஒன்றைக் கொண்டுபோனால் மனக்கணக்காகவே போடலாம். ஒரே இடத்தில் ஏமாறக்கூடாது. அவர்கள் கார்த்திக் என்பது நம் ஐப்பசி. நம் கார்த்திகை அவர்களுக்கு மங்சிர். நான் முதல் மாதமே ஒரு கடன் தவணையைத் தவறாக எழுதி, ஓர் அக்கா தேவையில்லாமல் அபராதம் கட்ட நேர்ந்தது. பிறகு கூட்டத்தில் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பணத்தைத் திருப்பித் தந்தார்கள்.

இரண்டாவது, நீங்கள் இருக்கும் காலம். நேபாளத்தின் நிதியாண்டு அசார் கடைசியில் முடிகிறது. சாவுன் ஒன்று, நம் ஆடிப்பிறப்பை ஒட்டிப் புதுக்கணக்கு. ஆகவே ஜூன் பிற்பகுதியிலும் ஜூலை முதல் பாதியிலும் எல்லாச் சிறு அமைப்புகளும் கணக்கு முடிக்கத் திணறும். அதே நேரத்தில்தான் நாற்று நடவும். பெண்கள் பகல் முழுவதும் வயலில் நிற்பார்கள். மாலையில் வந்து பேரேட்டைத் திறக்கத் தெம்பு இருக்காது. நீங்கள் வணிகவியல் படித்தவரா தெரியாது, கூட்டல் கழித்தல் சரியாக வந்தால் போதும்.

மூன்றாவது, நாகரிக்தா. குடியுரிமைச் சான்று. 16 வயதில் எடுக்கலாம். அது இல்லாமல் வங்கிக் கணக்கு, நிலப்பதிவு, வேலை எதுவும் நடக்காது. அப்பாவின் அல்லது கணவரின் சான்று வேண்டும் என்று வார்டு அலுவலகத்தில் கேட்பார்கள். சிறுவயதிலேயே வீட்டைவிட்டு அனுப்பப்பட்டவளிடம் எந்தக் காகிதம் இருக்கும்? இதில் நீங்கள் தலையிட வேண்டாம். வெளிநாட்டுப் பெண் கூட வந்தால் சில அதிகாரிகள் சீக்கிரம் கையெழுத்துப் போடுவார்கள், அடுத்த வாரம் அவர்கள் தனியாகப் போகும்போது அலைக்கழிப்பார்கள். உள்ளூர் ஊழியர் போகட்டும். யாருடைய விண்ணப்பம் எந்த நிலையில் நிற்கிறது என்ற பட்டியலை நீங்கள் எழுதித் தரலாம்.

தவிர, குழந்தைகள் இல்லங்களில் "ஒரு நாள் தொண்டு" என்று யாராவது அழைத்தால் போகாதீர்கள். நேபாளத்தில் அத்தகைய இல்லங்களில் இருக்கும் பெரும்பான்மைக் குழந்தைகளுக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள். அவை காட்மாண்டு, பொக்காரா, சித்வன் போன்ற சுற்றுலா இடங்களைச் சுற்றியே குவிந்திருப்பதன் காரணத்தை நீங்களே ஊகிக்கலாம். வருகிறவர்களின் பாசத்துக்காகக் குழந்தைகளை ஊரிலிருந்து பிரித்துக் கொண்டுவருவது கம்லரி முறையிலிருந்து எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியவில்லை.


பயணச்சீட்டு
21 பிப்ரவரி 2024, காலை 9.00

மேற்கு மலை மாவட்டங்களில் சௌபடி உண்டு, மாதவிலக்கின்போது பெண்களைத் தனிக்குடிசையில் வைப்பது. 2005இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தடை செய்தது, 2017இல் தண்டனைச் சட்டமும் வந்தது. அச்சாம் பக்கம் போகும் எண்ணம் இருந்தால் அதையும் படித்துக்கொள்ளுங்கள்.


சிறுமலை
21 பிப்ரவரி 2024, காலை 9.35

படிக்கட்டும். ஆனால் அதை அதிசயமாகப் பார்க்க வேண்டாம். மதுரை மாவட்டத்துக் கூவலாபுரம் பக்கத்து ஊர்களில் மாதவிலக்கான பெண்களை ஒதுக்கிவைக்கும் முட்டுத்துறை இருக்கிறது. 2018இல் கஜா புயல் இரவில் பட்டுக்கோட்டை அருகே பூப்பெய்திய சிறுமியைத் தனிக்குடிசையில் படுக்க வைத்திருந்தார்கள், தென்னை விழுந்து இறந்துபோனாள். அங்கே யாராவது சௌபடி பற்றிச் சொன்னால் இதை நாமும் சொல்ல வேண்டும். நான் சொன்னேன். அதன் பிறகுதான் என்னை விருந்தாளியாக நடத்துவதை நிறுத்திப் பக்கத்தில் உட்காரவைத்துக் காய் நறுக்கச் சொன்னார்கள்.


வைகைக்கரை
3 மார்ச் 2024, இரவு 7.45

குழுப்பணி அறிக்கைக்கு எங்கள் துறையில் எழுத்தில் ஒப்புதல் கிடைத்துவிட்டது. ஆசிரியர் ஐயாவுக்கு நன்றி. படங்கள் கட்டாயம் இல்லை என்றும் சேர்த்து எழுதி வாங்கினேன். கூட்டுறவுக்குப் புதிதாக ஒரு கடிதம் எழுதினேன். என் திட்டம் எதுவும் இல்லை, அசார் கணக்கு முடிப்பதில் உதவ வரலாமா என்று கேட்டேன். இந்த முறை பதில் ஒரு பக்கத்துக்கு வந்தது. தினமும் நேபாளி எண்களையும் தேவநாகரி எழுத்தையும் பழகுகிறேன். அம்மா தினசரி நாட்காட்டி ஒன்று வாங்கிவந்து பெட்டியில் வைத்துவிட்டார்.


வைகைக்கரை
29 ஜூன் 2024, இரவு 8.30

கோராஹியிலிருந்து எழுதுகிறேன். ஏழாவது வாரம் முடியப்போகிறது. இவ்வளவு நாள் எழுதாததற்கு மன்னியுங்கள்.

இன்று அசார் 15. நடவுத் திருநாள். காலையில் எல்லோரும் தயிரும் அவலும் சாப்பிட்டுவிட்டு வயலில் இறங்கினோம். எனக்கு நாற்றைப் பிடிக்கத் தெரிந்திருந்தது அவர்களுக்கு ஆச்சரியம். என் பாட்டி ஊர் மேலூர்ப் பக்கம், சிறுவயதில் நட்டிருக்கிறேன் என்றேன். இடைவெளி அதிகம் விடுகிறாய் என்று தீதி, அதாவது அக்கா, ஒருவர் நான் நட்ட வரிசையில் இரண்டைப் பிடுங்கி நெருக்கி நட்டார்.

இங்கே அலுமாரி இல்லை, வாவிக்கரை அம்மா. ஒரு தகரப் பெட்டி. 163 உறுப்பினர்களின் பாஸ்புத்தகம் ஒரு பக்கம், பேரேடு ஒரு பக்கம், இரண்டும் பொருந்தாத இடங்கள் ஏராளம். கூட்டுறவின் எழுத்தரான பஹினியும் (தங்கையை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள்) நானும் தினமும் மாலை ஆறிலிருந்து எட்டுவரை உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறோம். 121 முடிந்திருக்கிறது. நான் சொல்லச் சொல்ல அவர் எழுதுகிறார். என் கையெழுத்து பேரேட்டில் ஓரிடத்திலும் வரக்கூடாது என்று முதல் நாளே முடிவு செய்தோம். அசார் முடியும்வரை இருந்துவிட்டு வரலாம் என்று ஒரு வாரம் கூட்டிக் கேட்டிருக்கிறேன்.

நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. இவர்களில் யார் கம்லரியாக இருந்தவர், யார் இல்லை என்று பாதிப் பேரைப் பற்றி எனக்கு இன்னும் தெரியாது. ஆனால் முந்தாநாள் இரவு அவர்கள் என்னைக் கேட்டார்கள். நான் தங்கியிருக்கும் வீட்டு தீதி, "உங்கள் ஊரில் பெண்பிள்ளைகளை வேலைக்கு விடுவார்களா?" என்றார். கோன்வைண்டிங் அக்கா, உங்களைப் பற்றிப் பெயர் சொல்லாமல் சொன்னேன். சுற்றி இருந்த ஆறேழு பேர் கிட்டே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். வரிசையாகக் கேள்விகள். சோறு யார் போடுவார்கள்? அடிப்பார்களா? பண்டிகைக்கு வீட்டுக்கு விடுவார்களா, விட்டால் திரும்பிப் போக மாட்டேன் என்று அழுதால் அப்பா அம்மா என்ன செய்வார்கள்? பாதியில் வந்துவிட்டால் பணம் முழுவதும் போய்விடுமா? வெளியே வந்தவர்கள் சேர்ந்து சங்கம் வைத்திருக்கிறார்களா?

எனக்கு எதற்கும் சரியான பதில் தெரியவில்லை. என் ஊருக்குப் பக்கத்தில் நடப்பது, எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். தினமும் கேட்கிறார்கள். அக்கா, உங்களுக்கு விருப்பம் இருந்தால் மட்டும்.


கோன்வைண்டிங்
30 ஜூன் 2024, அதிகாலை 12.40

சோறு விடுதியில்தான், அதற்குச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். அடிக்கவில்லை, ஆனால் தூங்கினால் தலையில் தண்ணீர் ஊற்றுவார்கள். பொங்கலுக்கு நான்கு நாள் விட்டார்கள். இரண்டாம் வருடம் நான் போக மாட்டேன் என்று அழுதேன், அப்பா வாசலில் போய் நின்றுகொண்டார், ஒன்றும் பேசவில்லை. அம்மாதான் பெட்டியைக் கட்டினார். இதை அவர்களிடம் சொல்லுங்கள், அவர்களுக்குப் புரியும்.

பணத்தைப் பற்றியும் சங்கத்தைப் பற்றியும் எழுத்தில் சொன்னால் நீளும். எனக்கும் அவர்களிடம் கேட்க வேண்டியது இருக்கிறது. பஸ் நிலையத்தில் தரகர்களை எப்படித் தடுத்தார்கள் என்று சிறுமலை எழுதியிருந்தாரே, அதை அவர்கள் வாயால் கேட்க வேண்டும். சனிக்கிழமை அங்கே விடுமுறை என்றார்கள். வருகிற சனிக்கிழமை எனக்கு மாலை ஷிப்ட் கிடையாது. நம் நேரம் ஏழு மணிக்கு அழையுங்கள், அங்கே ஏழேகால். என் எண்ணைத் தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன். நான் தமிழில் பேசுகிறேன், நீங்கள் மாற்றிச் சொல்லுங்கள்.